தட்டுக்குப் பக்கத்தில் போனாலே நாய் உறுமுகிறதா?

சென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடுகளில் நாய்த் தட்டு பெரும்பாலும் ஆள் நடக்கிற வழியிலேயே இருக்கும். முதலில் அதை யாரும் குறுக்கே வராத மூலைக்கு மாற்றுங்கள்.

ஆள் நெருங்கும்போது நாய் விறைத்து நின்றாலோ, அவசர அவசரமாக விழுங்கினாலோ, தலையைத் தூக்காமல் ஓரக்கண்ணால் பார்த்தாலோ, அடுத்து உறுமல்தான். அதற்காக அடிக்காதீர்கள். உறுமலை அடக்கினால் பயம் போகாது. அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கலாம்.

தட்டில் வழக்கமான சோறு இருக்கட்டும். உங்கள் கையில் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழித் துண்டுகள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. நாய் நிம்மதியாகச் சாப்பிடுகிற தூரத்தில், 6 அடியோ 8 அடியோ, நின்று ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு உடனே திரும்பி நடந்துவிடுங்கள். ஒரு வேளைக்கு 4, 5 தடவை போதும். உடம்பு தளர்ந்து, அடுத்த துண்டு எங்கே என்று நிமிர்ந்து பார்த்தால் மட்டும் அரை அடி கிட்டே போகலாம். விறைத்தால் பழைய தூரம்தான். இரண்டே நாளில் தட்டுக்குள் கையை விட்டுப் பார்த்துத்தான் பலர் காரியத்தைக் கெடுக்கிறார்கள்.

பொம்மைக்கும் இதே பேரம். வாயிலிருந்து விட்டதும் துண்டைக் கொடுத்து, பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். பிடுங்கினால் கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைத்துக் காவல் காக்கும்.

இந்தப் பயிற்சியைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். திடீரென்று ஆரம்பித்த உறுமல் என்றால் வலி காரணமாக இருக்கலாம்; வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.