ஸ்கூபா கிட்டை விமானத்தில் கொண்டுபோக எந்தப் பெட்டி வாங்கலாம்?

புதிதாக கிட் வாங்கியவர்கள் அடுத்ததாகத் தேடுவது விலை உயர்ந்த டைவ் பையைத்தான். அவசரப்படாதீர்கள். சென்னையிலிருந்து அந்தமானின் ஹாவ்லாக் தீவுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வரை விமானம், அதற்குமேல் படகு. சாதாரண டிக்கெட்டில் பெரும்பாலும் செக்-இன் 15 கிலோ, கேபின் 7 கிலோதான்.

முதலில் ஃபின்னை, அதாவது காலில் மாட்டும் துடுப்பை, டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கிட்டில் மடங்காத நீளமான பொருள் அதுதான்; பெரியவர்களுக்கானது 60 செ.மீ.க்கு மேல்கூட இருக்கும். பெட்டியின் உள்நீளம் அதைத் தாண்ட வேண்டும். வெளிப்பக்க நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால், பொதுவான செக்-இன் வரம்பான 158 செ.மீ.க்குள் அடங்க வேண்டும்.

அடுத்து, காலிப் பெட்டியை எடை போடுங்கள். பெரிய டிராலி 4, 5 கிலோ வரும். பெலிகன் 1510 போன்ற கெட்டிப் பெட்டி நுரையோடு சுமார் 6 கிலோ. கேபின் வரம்பில் அதுவே முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். கேமராவுக்கு அது சரி, கிட்டுக்கு வேண்டாம். சக்கரம் இல்லாத கெட்டித் துணி டஃபல் பையே என் தேர்வு: விலை குறைவு, எடையும் குறைவு, படகில் ஏற்றி இறக்கவும் சுலபம்.

அடுக்கும் முறை: பையின் இரண்டு பக்கவாட்டிலும் பக்கத்துக்கு ஒரு ஃபின், அடியில் வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை), நடுவில் காற்றை முழுக்க வெளியேற்றிய பிசிடி (காற்று நிரப்பும் மிதவைச் சட்டை). மாஸ்க்கை அதோடு வந்த பிளாஸ்டிக் டப்பாவிலேயே வைத்து பிசிடிக்குள் சொருகுங்கள். கத்தி செக்-இன்னில்தான் போக வேண்டும். இடுப்பில் கட்டும் ஈய எடையையும் காற்று சிலிண்டரையும் தூக்கிப் போகாதீர்கள், டைவ் சென்டரிலேயே கிடைக்கும்.

சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை மட்டும் யார் சொன்னாலும் செக்-இன்னில் போடாதீர்கள். கடலுக்கடியில் உங்கள் மூச்சே அதில்தான் இருக்கிறது. முதல் ஸ்டேஜின் (சிலிண்டரில் பொருத்தும் பகுதி) மூடியை ஈரமில்லாமல் துடைத்து இறுக்குங்கள். ஹோஸை ஒடித்து மடிக்காமல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாகச் சுற்றி, டவலில் பொதிந்து, சாதாரண முதுகுப் பையில் வைத்தால் போதும். ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் அதே பையில். டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி கேபினில் வையுங்கள். உதிரி லித்தியம் பேட்டரி செக்-இன்னில் போகக் கூடாது.

கூரியரில் அனுப்புவதாக இருந்தால் ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி போதும். ஆனால் பெட்டி பெரிதானால் காசும் கூடும். விமானக் கூரியரில் பொதுவாக மூன்று அளவையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 70×45×30 பெட்டிக்கு 18.9 கிலோ கணக்கு வரும், உள்ளே இருப்பது 11 கிலோவாக இருந்தாலும். ஃபின் அடங்கும் அளவுக்கு மேல் பெட்டி வாங்காதீர்கள்.

திரும்பும்போது ஈரம்தான் எடையைக் கூட்டும். கடைசி டைவுக்குப் பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பிசிடியைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே தங்கிய நீரை வடித்து, ஒரு நாள் நிழலில் காயவிட்டுப் பையில் போடுங்கள்.