ராணுவ ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் தவறு நடந்தால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ராணுவத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. டெக்சஸில் சான் ஆன்டோனியோ பக்கம் குடியிருப்பவர் பெரிய விபத்தில் சிக்கினால், ஆம்புலன்ஸ் அவரைப் புரூக் ராணுவ மருத்துவ மையத்தில் கொண்டுபோய் இறக்கலாம். ராணுவத்தின் ஆஸ்பத்திரிதான், ஆனால் படுகாயம் அடைந்த பொதுமக்களையும் அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். அப்புறம், நம்மவர்களே படையில் இருக்கிறார்கள். ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்க்க, 2009 முதல் 2016 வரை மாவ்னி என்று ஒரு திட்டம் நடந்தது. அதில் ஆள் எடுத்த மொழிகளில் தமிழும் ஒன்று. கிரீன் கார்டு வைத்திருப்பவர் இன்றைக்கும் சேரலாம். அவரைக் கட்டிக்கொண்டு இங்கே வருபவருக்கு, படையினர் குடும்பத்துக்கான டிரைகேர் மருத்துவக் காப்பீடு கிடைக்கும். வந்த சில வாரத்திலேயே படைத்தளத்து ஆஸ்பத்திரிதான் அவருடைய ஆஸ்பத்திரி.

அந்த எமர்ஜென்சியிலும், முன்னாள் வீரர்களுக்கான வி.ஏ. ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியிலும் தவறு நடக்கும். மாரடைப்பை நெஞ்செரிச்சல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குடல்வால் வெடித்த பிறகுதான் ஸ்கேன் எடுப்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தால் வக்கீலைப் பிடித்து மாநில நீதிமன்றத்துக்குப் போகலாம். இங்கே முதலாளி அமெரிக்க அரசு. டாக்டர் அரசு ஊழியர் என்றால் அவர் பேரில் வழக்குப் போட முடியாது, அரசின் பேரில்தான் போட வேண்டும். அதற்கு 1946-இல் வந்த ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டம் இருக்கிறது. அதில் குடியுரிமை நிபந்தனை கிடையாது. விசிட்டர் விசாவில் வந்த மாமியாரும் இழப்பீடு கேட்கலாம்.

நேராக நீதிமன்றத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் சம்பந்தப்பட்ட துறைக்கே எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். அதற்கான தாள் எஸ்.எஃப்.-95. கட்டணம் இல்லை, இணையத்தில் கிடைக்கிறது. பார்த்தால் சாதாரணப் படிவம்தான், ஆனால் சறுக்குகிற இடங்கள் உண்டு. என்ன நடந்தது என்பதற்கு ஒரு கட்டம், என்ன பாதிப்பு என்பதற்கு ஒரு கட்டம். 12-ஆவது கட்டத்தில் எவ்வளவு பணம் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டும். “நியாயமானதைக் கொடுங்கள்” என்றோ “பிறகு சொல்கிறேன்” என்றோ எழுதினால் கோரிக்கையே செல்லாமல் போகலாம். அதை அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். டாலரில் ஒரு தொகை இருந்தே ஆக வேண்டும். குறைத்தும் எழுதாதீர்கள். புதிதாக ஏதாவது தெரியவந்தால் தவிர, அங்கே எழுதிய தொகைக்கு மேல் பிறகு நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. அதிகம் கேட்டால் பேராசைக்காரர் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் நம் ஆட்களுக்கு உண்டு. இந்தக் கட்டத்தில் அந்தக் கூச்சம் வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் கணவனோ மனைவியோ தன் இழப்புக்கும் கேட்பதாக இருந்தால் அவர் பெயரில் தனிப் படிவம் போடுவதுதான் பத்திரம்.

வி.ஏ. என்றால் அதன் தலைமைச் சட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ராணுவ ஆஸ்பத்திரி என்றால் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் அந்தப் படையின் கிளெய்ம்ஸ் பிரிவுக்கு. முகவரியைத் தளத்துச் சட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

கெடு 2 வருடம். நீங்கள் தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது, அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதிதான் கணக்கு. எந்த நாளிலிருந்து 2 வருடம் என்பதற்கு 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த குப்ரிக் வழக்கைச் சொல்ல வேண்டும். முன்னாள் வீரரான குப்ரிக்குக் காலில் தொற்று. 1968-இல் வி.ஏ. ஆஸ்பத்திரியில் நியோமைசின் மருந்து கொடுத்தார்கள். பிறகு காது கேட்காமல் போனது. அந்த மருந்துதான் காரணமாக இருக்கும் என்று 1969 ஜனவரியிலேயே ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கொடுத்ததே தவறு என்று இன்னொரு டாக்டர் சொன்னது 1971-இல். குப்ரிக் அதிலிருந்து எண்ணினார். காயமும் காரணமும் தெரிந்த நாளிலேயே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்றது நீதிமன்றம். ஆகவே அலட்சியம்தான் என்று உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாது. பாதிக்கப்பட்டது குழந்தையாக இருந்தாலும் 18 வயது ஆகட்டும் என்று இருந்துவிடாதீர்கள். வயதைக் காட்டி இந்தக் கெடுவை நிறுத்த முடியாது.

ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிகள் உதவியாளரிடம் போய்ப் புகார் சொல்வது நல்லதுதான். பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். ஆனால் அது எஸ்.எஃப்.-95 ஆகாது, கடிகாரமும் நிற்காது.

படிவம் போய்ச் சேர்ந்து 6 மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு, அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்துக்கு, போகலாம். மறுத்துக் கடிதம் வந்தால், அதை அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். வந்த புதிதில் நாம் அபார்ட்மென்ட் மாற்றிக்கொண்டே இருப்போம், பதிவுத் தபால் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடும். வீடு மாறியதும் புது முகவரியை எழுத்தில் தெரிவியுங்கள்.

எமர்ஜென்சி விஷயத்தில் எனக்குப் பெரிய பொறியாகப் படுவது வேறொன்று. அங்கே வேலை பார்க்கிற டாக்டர் அரசு ஊழியராக இல்லாமல் ஒப்பந்தக்காரராக இருக்கலாம். உடையையும் அடையாள அட்டையையும் பார்த்து அது தெரியாது. ஒப்பந்தக்காரர் செய்த தவறுக்கு இந்தச் சட்டத்தில் அரசு பொறுப்பேற்காது. அவர்மேல் மாநில நீதிமன்றத்தில்தான் போக வேண்டும், அங்கே கெடு இன்னும் குறைவாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் தெரியவந்ததிலிருந்து 1 வருடம்தான். துறைக்குக் கொடுத்துவிட்டோமே என்று உட்கார்ந்திருந்து, அந்த டாக்டர் ஒப்பந்தக்காரர் என்ற பதில் வரும்போது மாநில நீதிமன்றக் கதவும் மூடியிருக்கும். யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை முதல் மாதத்திலேயே எழுதிக் கேளுங்கள். வி.ஏ. செலவில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் வழக்கு அந்த ஆஸ்பத்திரியோடுதான்.

வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்தில் நடந்தாலும் அலட்சியத்தை அளக்கும் கோல் தவறு நடந்த மாநிலத்துடையது. ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும்தான். தண்டனையாகக் கூடுதல் தொகை விதிப்பதும் கிடையாது. டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும் அவசர சிகிச்சைக்குச் சாதாரண அலட்சியம் போதாது, அதைவிடக் கடுமையான தவறு என்று நிரூபிக்கச் சொல்லும் சட்டங்கள் இருக்கின்றன. ஆகவே பக்கத்து மாநிலத்து நண்பருக்குக் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூல் போல வெளிநாட்டில் இருக்கும் ராணுவ ஆஸ்பத்திரிக்கு இந்தச் சட்டமே பொருந்தாது, அதற்கு மிலிட்டரி கிளெய்ம்ஸ் சட்டம் என்று தனி வழி.

படையில் பணியில் இருப்பவருக்கு நிலைமை மோசம். 1950-இன் ஃபெரெஸ் தீர்ப்பு அவர்களுக்கு நீதிமன்றக் கதவை அடைத்துவிட்டது. மனைவி வழக்குப் போடலாம், அதே ஆஸ்பத்திரியில் அதே தவறுக்கு ஆளான வீரர் போட முடியாது. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. ரிச்சர்ட் ஸ்டேஸ்கல் என்ற சிறப்புப் படை வீரரின் நுரையீரல் கட்டியை 2017-இல் ராணுவ டாக்டர்கள் கவனிக்காமல் விட்டார்கள். அவர் போராடியதால் 2019 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி வீரர்கள் பாதுகாப்புத் துறையிடமே இழப்பீடு கேட்கலாம், கெடு 2 வருடம். முடிவு சொல்வதும் அதே துறைதான், நீதிமன்றம் கிடையாது.

முன்னாள் வீரருக்கு வி.ஏ.வில் தவறு நடந்திருந்தால் 1151 என்ற பிரிவில் மாதாந்தர உதவித்தொகை கேட்கவும் வழி உண்டு. அதற்குக் கெடு இல்லை. இதையும் இழப்பீட்டையும் சேர்த்தே கேட்கலாம், ஆனால் ஒன்றில் வந்த பணத்தை மற்றதில் கழித்துக்கொள்வார்கள்.

இப்போதே செய்ய வேண்டியது மருத்துவப் பதிவேடுகளை வாங்கி வைப்பது. டிஸ்சார்ஜ் தாள் மட்டும் போதாது. எமர்ஜென்சியில் முதலில் பார்த்த நர்ஸ் எழுதிய குறிப்பு, எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள் என்ற பதிவு, ஸ்கேன் படங்கள் எல்லாம் வேண்டும். வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று அந்த நர்ஸ் கேட்பார். நம் பெரியவர்கள் “பரவாயில்லைம்மா” என்பார்கள், 2 என்று பதிவாகும், பின்னால் அரசு வக்கீல் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். மகனே மொழிபெயர்த்துச் சமாளிக்காமல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், ஃபோனிலாவது.

வக்கீல் கட்டணத்துக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. துறையோடு முடிந்தால் கிடைத்த தொகையில் 20 சதவீதம், வழக்குப் போட்ட பிறகு முடிந்தால் 25 சதவீதம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு என்று ஒருவர் ஒப்பந்தத்தை நீட்டினால், அவருக்கு ஃபெடரல் வழக்கில் பழக்கம் இல்லை என்று புரிந்துகொண்டு அடுத்தவரைப் பாருங்கள்.