பேண்டை இறுக்கும் முன்: ஒட்டோமெட்டிக் கியர் பொக்ஸ் சேர்விஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணே, ஒயில் மாத்துறப்பவே பேண்டையும் ஒருக்கா டைட் பண்ணி விடுங்க.”

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கத்தில் ஒட்டோமெட்டிக் வண்டிகளுக்கு வேலை செய்கிற எங்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. பேண்ட் என்றால் கியர் பெட்டிக்குள் இருக்கிற ஒரு பட்டி. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் எல்லோரும் இருக்கிற வண்டியையே காப்பாற்றி ஓட்டவேண்டியதாயிற்று. லொறிக்காரர், டபுள் கெப்காரர் எல்லோரும் வீடியோ பார்த்துத் தங்கள் வண்டியைப் பற்றிக் கற்றுக்கொண்டார்கள். அது நல்ல விஷயம். ஆனால் பேண்ட் இறுக்குவதைக் காட்டுகிற வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கப் பிக்கப் ட்ரக்குகளுக்கானவை. டொட்ஜ் ராமுக்குப் பொருந்துகிற வேலை எல்ஃப் லொறிக்குப் பொருந்தாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கியர் பெட்டிக்குரிய மெனுவலில், அதாவது திருத்த வேலைக்கான கைநூலில், பேண்ட் சரிசெய்யச் சொல்லியிருந்தால், சொன்ன காலத்தில், சொன்ன அளவில் செய்யுங்கள். அதில் இல்லையென்றால் பேண்டைச் சரிசெய்யும் திருகில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

இல்லாத பேண்டை இறுக்கச் சொல்வது

இதுதான் அதிகம் நடக்கிற தவறு. பேண்ட் என்பது சுழலும் ட்ரம் ஒன்றைச் சுற்றி வளைத்த இரும்புப் பட்டி. பீப்பாய்க்குப் போட்ட வளையம் மாதிரி, ஆனால் ஓரிடத்தில் வெட்டு விட்டிருக்கும். உட்புறத்தில் பிரேக் லைனிங் போன்ற ஒரு படலம். ஒரு முனை பெட்டியின் உடம்போடு நிற்கும். மறு முனையை ஒயில் அழுத்தத்தில் ஓடும் சேர்வோ பிஸ்டன் தள்ளும். தள்ளினால் பட்டி ட்ரம்மைக் கவ்வி நிறுத்தும், கியர் விழும். லைனிங் தேயத்தேய இடைவெளி கூடி, பிஸ்டன் அதிக தூரம் ஓடவேண்டி வரும். அந்த இடைவெளியைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதுதான் பேண்ட் சரிசெய்தல்.

இப்போது கொழும்பில் ஓடுகிற லொறிகளைப் பாருங்கள். இசுசு எல்ஃபில் வருகிற ஸ்மூதர், உள்ளே கையால் கியர் மாற்றும் சாதாரணப் பெட்டிதான். கிளட்சையும் கியர் மாற்றத்தையும் கணினி செய்கிறது. ஃபூசோ கென்டரில் 2010இல் வந்த டுவோனிக், இரட்டைக் கிளட்ச் பெட்டி. அலிசன் பெட்டி பூட்டிய கனரக வண்டிகளில் எல்லா வேலையையும் கிளட்ச் தட்டுகளே செய்கின்றன. இந்த மூன்றிலும் இறுக்குவதற்குப் பேண்டே கிடையாது. ஜெனரல் மோட்டர்ஸின் 700 ஆர்4 போன்ற சில பெட்டிகளில் பேண்ட் உண்டு, ஆனால் திருகு இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போது சேர்வோ பின்னின் நீளத்தை மாற்றித்தான் இடைவெளியைச் சரிசெய்வார்கள்.

திருகு உள்ளவை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவை கிரைஸ்லரின் 727, அதன் வழியில் டொட்ஜ் ராமுக்கு வந்த 47 ஆர்.ஈ, 48 ஆர்.ஈ, ஃபோர்ட்டின் சீ4, சீ6 ஆகியவை. பழைய நிஸான் பிக்கப்களிலும் பேண்ட் வைத்த பெட்டிகள் வந்தன. ஆகவே முதலில் வண்டியின் பெயரை விட்டுவிட்டு, கியர் பெட்டியின் இலக்கத்தைத் தேடுங்கள். ஒரே மொடல் வண்டிக்குள்ளேயே இரண்டு விதமான பெட்டி வரும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கி மாற்றிய பெட்டி என்றால் வண்டியின் புத்தகத்தை நம்பவே கூடாது.

வழுக்கினால் உடனே பேண்ட் என்பது

இந்த இடத்தில்தான் காசு வீணாகிறது. வண்டி இழுக்கவில்லை, இன்ஜின் மட்டும் கத்துகிறது என்றவுடன் பேண்டை இறுக்கச் சொல்கிறார்கள். எந்தக் கியரில் வழுக்குகிறது என்று கேட்டால் பதில் வராது. அதைக் கவனித்துவிட்டு வந்தாலே பாதி வேலை முடிந்தமாதிரி.

727 வகையில் முன் பேண்ட் இரண்டாவது கியருக்கு. பின் பேண்ட் ரிவர்ஸுக்கும், லீவரை 1இல் வைத்து ஓட்டும் முதல் கியருக்கும். லீவரை டீயில் (D, சாதாரண ஓட்டத்துக்கான நிலை) வைத்து ஓட்டும்போது முதல் கியரைத் தாங்குவது ஒருபக்கமாக மட்டும் சுழலும் கிளட்ச். அங்கே பின் பேண்டுக்கு வேலையில்லை. இதை வைத்தே நிறையக் கண்டுபிடிக்கலாம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது மட்டும் இன்ஜின் ஒருமுறை ஏறி இறங்கினால் முன் பேண்ட் அல்லது அதன் சேர்வோ மீது சந்தேகப்படலாம். டீயில் நன்றாகக் கிளம்புகிறது, ரிவர்ஸ் வழுக்குகிறது, கடுகண்ணாவை மலைப்பாதையில் இறங்கும்போது லீவரை 1இல் போட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்கவில்லை என்றால் பின் பேண்ட் பக்கம் பாருங்கள். ஆனால் ரிவர்ஸ் வழுக்குகிறது, 1இல் இன்ஜின் பிடிப்பு மட்டும் சரியாக இருக்கிறது என்றால் பின் பேண்டில் குற்றமில்லை. முன் கிளட்ச்தான் காரணமாக இருக்கும். மூன்றாவது கியரையும் அதே கிளட்ச்தான் கொடுக்கிறது, ஆகவே மூன்றிலும் வழுக்குகிறதா என்று பாருங்கள். எல்லாக் கியரிலும் வழுக்கினால் பேண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒயில் குறைவு, அடைபட்ட ஃபில்டர், பம்ப், இந்த வரிசையில் தேடவேண்டும்.

திருகைத் தொடுமுன் ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் சூடாக இருக்கவேண்டும். கிரைஸ்லர் பெட்டியில் லீவரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பார்ப்பது முறை. டொயோட்டா போன்ற பலவற்றில் பார்க்கில் வைத்துப் பார்ப்பார்கள். இதை மாற்றிச் செய்தால் அளவு தவறாகக் காட்டும். சிவப்பு மாறிக் கறுத்து, கருகிய வாடை வந்தால் லைனிங் ஏற்கெனவே எரிந்துவிட்டது. எரிந்த லைனிங்கை எந்தத் திருகும் திருப்பித் தராது. எக்ஸிலேட்டரின் அசைவைக் கியர் பெட்டிக்குக் கொண்டுபோகும் த்ரொட்டில் லிங்க் அல்லது கேபிளையும் பாருங்கள். அது தளர்ந்து கிடந்தால் பெட்டிக்குள் அழுத்தம் குறைந்து, நல்ல பேண்டும் வழுக்கி எரியும். அதைச் சரிசெய்யாமல் பேண்டை மட்டும் இறுக்கி அனுப்பினால் வண்டி சில வாரத்தில் அதே முறைப்பாட்டோடு திரும்பி வரும்.

கை உணர்வில் இறுக்குவதும், 72 என்ற எண்ணும்

சில வருடங்களுக்கு முன் ஏலத்தில் எடுத்த ஒரு பழைய டொட்ஜ் பிக்கப் எங்களிடம் வந்தது. என்னோடு வேலை செய்த தம்பி கெட்டிக்காரன். மெனுவலைத் தேடி எடுத்து, அளவை மட்டையில் எழுதி வைத்துக்கொண்டுதான் வண்டிக்கு அடியில் போனான். நான் ஜாக் ஸ்டாண்டைப் பார்க்கக் குனிந்தபோது அவன் கையில் இருந்தது வீல் நட் இறுக்குகிற பெரிய டோர்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் முறுக்குப் பலத்தை (டோர்க்) அளக்கிற ரெஞ்ச். 72இல் வைத்திருந்தான், அடி-பவுண்டில்.

மெனுவலில் இருந்தது 72 அங்குல-பவுண்ட். அது 6 அடி-பவுண்ட்தான், நியூட்டன் மீற்றரில் ஏறக்குறைய 8. அவன் இழுத்திருந்தால் பன்னிரண்டு மடங்கு பலம் அந்தச் சின்னத் திருகில் விழுந்திருக்கும். திருகின் புரி போயிருக்கும், அல்லது உள்ளே பட்டியைத் தாங்குகிற துண்டு உடைந்திருக்கும். பெட்டியை இறக்காமல் அதை எடுக்க முடியாது. அன்றே போய் அங்குல-பவுண்டில் படிக்கும் சின்ன ரெஞ்ச் ஒன்று வாங்கினோம். அது இல்லாத கராஜ் இந்த வேலையை எடுக்கக்கூடாது என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். பெரிய ரெஞ்சில் 8 நியூட்டன் மீற்றரை நம்பிப் பிடிக்க முடியாது. அனுபவக் கையாலும் முடியாது.

முறை இதுதான். திருகை அசையாமல் பிடித்திருக்கும் லொக் நட்டைத் தளர்த்தி, சொன்ன டோர்க்குக்குத் திருகை இறுக்கி, பிறகு சொன்ன சுற்றுகள் அவிழ்க்கவேண்டும். அந்தச் சுற்றுதான் பேண்டுக்கும் ட்ரம்முக்கும் நடுவிலான இடைவெளி. 47 ஆர்.ஈ முன் பேண்டுக்கு 1⅞ சுற்று, 48 ஆர்.ஈக்கு 1¾. இரண்டுக்கும் டோர்க் ஒன்றேதான், சுற்று வேறு. ஃபோர்ட் சீ6இல் 10 அடி-பவுண்ட் இறுக்கி 1½ சுற்று அவிழ்ப்பது. ஒரு பெட்டியின் எண்ணை இன்னொன்றுக்கு எடுத்தால் வேலை கெட்டது.

“கொஞ்சம் கூட டைட்டாக இருந்தால் நல்லதுதானே” என்று கேட்பார்கள். இல்லை. மூன்றாவது கியரில் நீங்கள் நிம்மதியாக நீர்கொழும்பு வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, முன் பேண்ட் சுற்றிய ட்ரம் இன்ஜின் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. பேண்ட் அதைத் தொடவே கூடாது. அதிகம் இறுக்கினால் பயணம் முழுக்க உரசி, சூடேறி, ஒயிலைக் கருக்கிவிடும். முதல் இரண்டு நாள் கியர் “கெத்தாக” விழுகிறது என்று வாடிக்கையாளர் சந்தோஷப்படுவதும் உண்மைதான்.

அளவுக்கு மேல் அவிழ்ப்பதும் ஆபத்து. திருகுக்கும் பேண்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தாங்குத் துண்டு இருக்கிறது. எந்தப் பிடியும் இல்லாமல் அழுத்தத்தால் மட்டும் நிற்பது. திருகு மிகவும் பின்னுக்கு வந்தால் அது உள்ளே விழுந்துவிடும், அதோடு இரண்டாவது கியரே இல்லாமல் போகும்.

லொக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுழலும். திருகை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நட்டை இறுக்கவேண்டும். திருகின் தலையில் ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டால் சுழன்றதா என்று தெரிந்துவிடும். ஃபோர்ட் பெட்டிகளில் அந்த நட்டே ஒயில் கசியாமல் காக்கும் சீலும் என்பதால் புதிது போடவேண்டும்.

வெளியே தெரிவதை மட்டும் செய்துவிட்டு அனுப்புவது

தேவையில்லாமல் இறுக்குவதைப் பற்றி இவ்வளவு சொன்னேன். தேவையான இடத்தில் விட்டுவிடுவதும் அதே அளவு தவறு. 727 வகையில் முன் பேண்ட் திருகு பெட்டியின் இடப்பக்கம் வெளியே இருக்கிறது. பின் பேண்ட் திருகு சம்புக்குள்ளே, அதாவது பெட்டியின் அடியில் ஒயில் தேங்கும் தட்டுக்குள்ளே. சம்பைக் கழற்றுவது அலுப்பு என்பதால் முன் பேண்டை மட்டும் தொட்டுவிட்டு “ரெண்டும் செஞ்சாச்சு” என்று பில் போடுகிற இடங்கள் இருக்கின்றன. ஃபில்டர் மாற்ற எப்படியும் சம்ப் இறங்கத்தான் வேண்டும். அப்போதே பின் பேண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். சம்பின் அடியில் காந்தம் இருந்தால் அதில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு படிந்திருப்பது வழமை. விரலில் தேய்த்தால் மை மாதிரி போகும். மினுங்கும் துகள்களோ லைனிங்கின் கறுப்புத் துண்டுகளோ கிடந்தால் சரிசெய்யும் வேலையை அங்கேயே நிறுத்தி, பெட்டியைப் பிரிப்பதைப் பற்றிப் பேசுங்கள்.

ஒயிலைப் பற்றி ஒரு வரி: பேண்ட் பிடிப்பது ஒயிலின் உராய்வுத் தன்மையைப் பொறுத்தும் இருப்பதால், மெனுவல் சொன்ன வகையைத் தவிர வேறு எதையும் ஊற்றவேண்டாம்.

வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் காலை ஆறு மணிக்கு முன். பேஸ்லைன் வீதி நெரிசலில் இரண்டாவது கியர் எப்படி விழுகிறது என்று கேட்கவே முடியாது. களனிப் பாலத்தைத் தாண்டி ஒரு சுற்று போய் வந்து, சூட்டோடு ஒயில் அளவை மறுபடி பார்க்கவேண்டும்.

பிறகு சேர்விஸ் புத்தகத்தில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். பழைய நிலையிலிருந்து டோர்க் வரும்வரை திருகு எத்தனை சுற்று உள்ளே போனது என்ற எண்ணை. மெனுவல் சொன்ன சுற்றைவிட எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு லைனிங் தேய்ந்திருக்கிறது. எங்களிடம் வருகிற ஒரு பிக்கப்பின் புத்தகத்தில் இப்படி மூன்று வரிகள் இருக்கின்றன: இரண்டு சுற்று, இரண்டேகால், கடைசியாக மூன்றரை. அந்த மூன்றாவது வரியைப் பார்த்ததும் உரிமையாளர் பேண்டை மறுபடி இறுக்கச் சொல்லவில்லை. புதுப் பேண்டின் விலையைக் கேட்டார்.