இடையில் பல்கலைக்கழகம் மாறுவது எப்படி? டர்பனுக்கு வரும் பிள்ளைகளுக்கு

தென்னாப்பிரிக்காவில் ஓரிடத்தில் ஓராண்டோ ஈராண்டோ படித்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அக்கா மகள் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து டர்பனுக்கே திரும்பி வந்தபோது, தாள்களைச் சேர்க்கும் வேலை என் தலையில்தான் விழுந்தது. அதற்கப்புறம் சாட்ஸ்வர்த்தில் கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டது.

மாட்ரிக் எனும் பள்ளி இறுதித் தேர்வு என்றால் என்ன, அதன் மதிப்பெண்ணை வைத்துப் போடும் ஏ.பி.எஸ். சேர்க்கைப் புள்ளியை எப்படிக் கூட்டுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதைப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் கிடைப்பது வேறு. ஏற்கெனவே தேறிய பாடங்களுக்குக் கிரெடிட் கிடைப்பது, அதாவது மறுபடி படிக்காமலே அவற்றைப் புதிய பட்டத்தில் கணக்கு வைப்பது வேறு. முதலாவதைச் சேர்க்கை அலுவலகம் பார்க்கும். இரண்டாவதை அந்தந்தத் துறையும் ஃபாகல்ட்டியும் பார்க்கும். சேர்க்கைக் கடிதம் வந்ததும் வீட்டில் பாயசம் வைத்துவிடுகிறோம். ஆனால் பிள்ளையை எந்த ஆண்டில் உட்காரவைப்பார்கள் என்று அந்தக் கடிதம் பெரும்பாலும் சொல்லாது. "சித்தி, இடம் குடுத்துட்டாங்க, ஆனா மறுபடியும் முதலாண்டுதான் போலிருக்கு" என்று எங்கள் வீட்டில் ஒரு போன் வந்தது. இரண்டாவது வேலை அன்றைக்குத்தான் ஆரம்பமானது.

படி 1: மாட்ரிக்கை மறுபடி எடுங்கள்

பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டோமே, இனி மாட்ரிக் எதற்கு என்று நினைக்க வேண்டாம். பட்டப் படிப்புக்குச் சட்டப்படியான குறைந்தபட்சத் தகுதி அப்படியே நிற்கும்: மாட்ரிக்கில் லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கை வழிகாட்டல் பாடம்) தவிர்த்து நான்கு பாடங்களிலாவது 50 சதவீதமோ அதற்கு மேலோ வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு படிப்பும் தன் நிபந்தனையைப் போடும். பொறியியலுக்குக் கணிதமும் பௌதிக அறிவியலும் கேட்பார்கள். கணிதத்துக்குப் பதிலாக எளிய மேதமேட்டிக்கல் லிட்டரசி எடுத்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. முதலாண்டில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாலும் இதைத்தான் முதலில் புரட்டுவார்கள். மருத்துவம் போன்ற படிப்புகளில் நடுவில் நுழைவது மிக அரிது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

படி 2: எந்த வாசல்?

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசுத்து, சூலூலாந்து ஆகிய நான்குக்கும் முதல் பட்ட விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகிறது. முன்பு உயர்கல்வி படித்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி வரும். உண்டு என்றே போடுங்கள். மறைத்துவிட்டுப் புதிய மாணவராக நுழைந்தால் பிற்பாடு கிரெடிட் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். விட்ஸ், கேப்டவுன், யூனிசா போன்றவற்றுக்கு நேராக அவரவர் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சலை விண்ணப்பத்தில் போடாதீர்கள். பெயரை நீக்கியதும் அந்தப் பெட்டியும் மூடிவிடலாம். ஜிமெயில் போதும்.

படி 3: பொதுவான தாள்கள்

அடையாள அட்டை, மாட்ரிக் சான்றிதழ், தேறாத பாடங்களும் சேர்ந்த முழு டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), நன்னடத்தைச் சான்று. இவ்வளவுதான். நகல்களுக்குக் காவல் நிலையத்தில் முத்திரை வாங்கலாம், காசு கிடையாது. மூல ஆவணத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை, அதனால் ரொம்ப முன்கூட்டியும் ஓடவேண்டாம்.

பழைய இடத்தில் கட்டணப் பாக்கி இருந்தால் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டை நிறுத்திவைப்பார்கள். முதலில் அதைத் தீர்க்கப் பாருங்கள்; மொத்தமாக முடியாவிட்டால் தவணை ஒப்பந்தம் கேளுங்கள். தேர்ச்சிக் குறைவால் நீக்கப்பட்டவர்களும் இருப்பீர்கள். அந்தக் குறிப்பு டிரான்ஸ்கிரிப்டிலேயே இருக்கும் என்பதால் ஒளிப்பதில் பயனில்லை. நடந்தது என்ன, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கக் கடிதம் வையுங்கள்.

ஸ்கேன் செய்யக் கடைக்குப் போக வேண்டாம், போனிலேயே அடோபி ஸ்கேன் போதும். பக்கத்தின் மூலையில் தன் பெயரை அச்சடிக்கும் இலவசச் செயலிகள் எனக்குப் பிடிக்காது. முத்திரைக்குப் பக்கத்தில் இன்னொரு முத்திரை மாதிரி நிற்கும். எல்லாம் பி.டி.எஃப். ஆகவே இருக்கட்டும்.

படி 4: பாடத்திட்டம்

இங்கேதான் நாங்கள் நின்றுபோனோம். கிரெடிட் கேட்டால் "ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவான பாடத்திட்டம் தருக" என்பார்கள். ஃபாகல்ட்டி கையேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் நாலு வரி விளக்கம் இருக்கிறதே, அதை அனுப்பினால் ஆகாதா என்றால், ஆகாது. நாலு வரியை வைத்து எந்தப் பேராசிரியரும் "இது எங்கள் பாடத்துக்குச் சமம்" என்று கையெழுத்துப் போடமாட்டார்.

அவர்கள் பார்க்க விரும்புவது இதை: வாரவாரியான தலைப்புகள், எந்தப் பாடநூல், எத்தனை தேர்வு, எத்தனை கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சதவீதம், பாடத்தின் என்.கியூ.எஃப். நிலை (தேசியத் தகுதிச் சட்டகத்தில் அது எந்தப் படியில் நிற்கிறது என்பது), கிரெடிட் எண்ணிக்கை. வகுப்பின் முதல் வாரத்தில் விரிவுரையாளர் கொடுப்பாரே, அந்தக் கோர்ஸ் அவுட்லைன்தான் அது. நாம் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டோம்.

நீங்கள் படித்த ஆண்டின் அவுட்லைன்தான் செல்லும் என்பதைக் கவனியுங்கள். 2022-இல் படித்த பாடத்துக்கு 2024-ஆம் ஆண்டுத் தாளைக் கொடுத்தால், அந்த இடைவெளியில் பாடநூல் மாறியிருந்தால்கூடக் கேள்வி வரும். துறைச் செயலாளருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். எங்களுக்கு அங்கிருந்து பதிலே வரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, பாடக் கோப்புகளைப் போட்டுவைக்கும் மூடில் (Moodle) என்ற இணையதளம்தான். அக்கா மகளின் பழைய கணக்கு அப்போதும் திறந்திருந்தது. ஒவ்வொரு பாடத்தின் பக்கத்துக்கும் போய், முதல் வாரக் கோப்புறையைத் திறந்து, அவுட்லைனை இறக்கிக்கொண்டோம். பிறகு எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்துத் துறைக்கு அனுப்பி, "இவற்றுக்கு முத்திரை மட்டும் வைத்துத் தாருங்கள்" என்று கேட்டோம். தேடிக் கொடு என்று கேட்டபோது வராத பதில், முத்திரை வை என்று கேட்டதும் வந்துவிட்டது. மனிதர்கள் அப்படித்தான், அவர்களுக்கு வேலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

அதனால் மாறும் எண்ணம் லேசாகத் தலையெடுத்தாலே இன்றிரவே எல்லா அவுட்லைனையும் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மாறாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

படி 5: கிரெடிட் கணக்கு

நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேரப் படிப்பு: வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட் வேண்டும். யூனிசாவில் ஒரு பாடம் பெரும்பாலும் 12 கிரெடிட். குவாசூலு-நட்டாலில் பெரும்பாலும் 16. அதாவது 120 மணி நேரப் பாடத்தைக் காட்டி 160 மணி நேரப் பாடத்துக்கு விலக்குக் கேட்கிறீர்கள். உள்ளடக்கம் பொருந்தினாலும் இந்த 40 மணி நேரம் இடிக்கும். ஒரே துறையின் இரண்டு சிறிய பாடங்களைச் சேர்த்து ஒன்றுக்கு ஈடாகக் கேட்டால் எடுபட வாய்ப்பு அதிகம்.

கூகுள் ஷீட்டில் ஓர் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் பழைய பாடம், நிலை, கிரெடிட், மதிப்பெண். வலப்பக்கம் அதற்கு ஈடாக நீங்கள் கேட்கும் பாடம். இதை யாரும் கேட்கமாட்டார்கள், ஆனாலும் இணையுங்கள். கையில் வெறும் கட்டைக் கொடுத்தால் ஈடு எது என்று அவர்கள் தேட வேண்டும். தேட நேரமில்லை என்றால் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

எல்லை எவ்வளவு? முடிக்காத படிப்பிலிருந்து வரும் கிரெடிட் எல்லாவற்றையுமே பரிசீலிக்கலாம் என்பது தேசியச் சட்டகம். ஆனால் தங்கள் பட்டத்தில் பாதியாவது, குறிப்பாகக் கடைசி ஆண்டுப் பாடங்கள், தங்களிடமே படித்ததாக இருக்கவேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கும். ஏற்கெனவே முடித்த பட்டயத்திலிருந்தோ பட்டத்திலிருந்தோ என்றால், அதன் கிரெடிட்டில் பாதிக்கு மேல் எடுத்துப்போக முடியாது. இரண்டாமாண்டு முடித்து மாறுகிறவர் நேராக மூன்றாமாண்டில் போய் உட்காருவார் என்று வீட்டில் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 6: பழைய இடத்தில் பெயரை நீக்குங்கள்

வகுப்புக்குப் போகாமல் விட்டால் தானாக நீங்கிவிடும் என்பது தப்பு. எழுத்தில் கேட்டு, உறுதிக் கடிதம் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டுக் கட்டணமும் உங்கள் பெயரில் ஏறி நிற்கும். ஆனால் புதிய இடம் உறுதியான பிறகு மட்டும். இன்னொன்று, இறுதித் தேர்வு முடிவு வருவதற்கும் அலுவலகங்கள் டிசம்பர் நடுவில் பூட்டுவதற்கும் இடையே கிடைப்பது சில நாள்தான். முடிவு வந்த அன்றே புதிய டிரான்ஸ்கிரிப்டுக்கு எழுதிப் போடுங்கள். ஜனவரியில் பார்க்கலாம் என்று விட்டால் பதிவு வாரம் தலைக்கு மேல் வந்துவிடும்.

பிற்சேர்க்கை

டர்பன் பீனிக்ஸிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவி தொடருமா? படிப்பின் குறைந்தபட்ச ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஆண்டு வரைதான் அந்த உதவி. பழைய இடத்தில் கழிந்த ஆண்டுகளையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். எனவே கிரெடிட் குறைந்து முதலாண்டிலேயே மறுபடி தொடங்கினால், கடைசி ஆண்டில் பணம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. படி 4-க்கு நான் அவ்வளவு இடம் கொடுத்ததற்கு இதுவும் காரணம்.

இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களும் கேட்கின்றன. வெளிநாட்டுச் சான்றிதழைச் சாக்வா (SAQA) என்ற தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தில் மதிப்பிட்டு வாங்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு அங்கே முடித்திருந்தால் மாட்ரிக் விலக்குச் சான்றும் (மாட்ரிக்குக்கு ஈடாக அதை ஏற்கும் சான்று) வேண்டும். படிப்பு விசாவில் இருக்கும் பிள்ளை என்றால், விசாவில் பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். இடம் மாறினால் விசாவையும் மாற்றியாக வேண்டும். அதற்குப் பிடிக்கும் காலத்தைக் கணக்கில் வைத்து முன்பே தொடங்குங்கள்.

ஒரு மாமா, டர்பன்-வெஸ்ட்வில்லில் பாதியில் விட்ட பட்டத்தை இப்போது முடிக்க ஆசைப்படுகிறார். அந்தப் பெயரில் பல்கலைக்கழகமே இல்லையே, டிரான்ஸ்கிரிப்டுக்கு யாரிடம் போவது என்கிறார். 2004-இல் அது நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நட்டால் ஆனது. பதிவேடுகளை அங்கேதான் கேட்க வேண்டும். எம்.எல். சுல்தான் டெக்னிக்கான் என்ற பழைய தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்கள் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். பழைய மாணவர் எண் நினைவில் இல்லை என்றால் அடையாள எண்ணும் படித்த ஆண்டுகளும் எழுதுங்கள். கல்யாணத்துக்கு முந்திய பெயரில் படித்த பெண்கள் அந்தப் பெயரையும் சேர்த்து எழுதி, திருமணச் சான்றின் நகலையும் வையுங்கள்.