வாழ்க்கையைத் திருப்பிய நாளை எழுதி வைப்பது எப்படி?

"உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம் எது?" என்று நேரடியாகக் கேட்டால், பல தடவை சொல்லிப் பழகிய பதில்தான் வரும். கல்யாணம், முதல் குழந்தை, வேலை கிடைத்த நாள், அப்பா இறந்த நாள். எல்லாம் உண்மைதான், ஆனால் அதை வைத்து இரண்டு பத்திக்கு மேல் எழுத முடியாது. வயதானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக் கொடுக்கிறவள் நான். சம்பவத்தை விட்டுவிட்டு, அது அந்த மனிதரிடம் பதித்துவிட்டுப் போன தடத்திலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

என் பெரியம்மா போன் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரக்கையோடு ஓடி வருவார். ராத்திரியில் போன் தலைமாட்டில்தான் இருக்கும். "இப்படி ஓடுறது எப்போலேர்ந்து பெரியம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். "உங்க மாமா போன ராத்திரியிலேர்ந்து" என்றார். அன்றைக்கு நடுராத்திரியில் போன் விடாமல் அடித்திருக்கிறது. ஏதோ ராங் நம்பர் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாராம். விடிந்த பிறகு ஆள் வந்துதான் சொன்னார்கள். தம்பி இறந்ததைப் பற்றி அதற்கு முன்பும் என்னிடம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். போனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதனால் நோட்டைத் திறந்ததும் முதலில் எழுத வேண்டியது பழக்கங்களை. மற்றவர்கள் செய்யாத எதை நீங்கள் விடாமல் செய்கிறீர்கள்? எந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்? எந்தச் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கிறது? யாரிடம் கடன் கேட்க மாட்டீர்கள், எந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட மாட்டீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "எப்போதிலிருந்து?" என்று எழுதிக்கொள்ளுங்கள். "ஏன்?" என்று கேட்டால் மனிதர்கள் நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "எப்போதிலிருந்து?" என்று கேட்டால்தான் ஞாபகம் வரும். எல்லாப் பழக்கத்துக்கும் பின்னால் ஒரு கதை இருக்காது. இல்லாததை இழுத்துப் பிடித்து ஒட்டவைக்காதீர்கள்.

எதுவுமே ஞாபகம் வரவில்லை என்பவரிடம், வருஷத்தைக் கேட்காமல் அவர் குடியிருந்த வீடுகளை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த வீட்டில் எங்கே படுப்பீர்கள், வாசல் எந்தப் பக்கம், யார் முதலில் எழுந்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் ஆட்கள் தானாக வந்துவிடுவார்கள். 10 வயதிலிருந்து 30 வயது வரையான காலத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். நடுவயதைத் தாண்டியவர்களின் நினைவுகள் அந்தக் காலத்தில்தான் அதிகமாகக் குவிந்திருக்கின்றன என்பதை உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முதல் தடவை நடக்கிற விஷயங்கள் பெரும்பாலும் அந்த வயதில்தானே நடக்கின்றன.

சம்பவம் பிடிபட்டதும் அதை எழுதுகிற இடத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நெய்சர் என்ற உளவியலாளர், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று தன் மாணவர்களை எழுதித் தரச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து, அவர்களில் 44 பேரிடம் நெய்சரும் நிக்கோல் ஹார்ஷும் அதே கேள்வியைக் கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒரு முக்கிய விவரம்கூடப் பழைய பதிலோடு ஒத்துப்போகவில்லை. சொன்னவர்களில் பலருக்கோ தங்கள் ஞாபகத்தின் மேல் அசையாத நம்பிக்கை. தாங்களே எழுதிய பழைய தாளைக் காட்டியும், அது பழைய ஞாபகத்தைத் திருப்பித் தரவில்லை. தெளிவாக ஞாபகம் இருக்கிறது என்பதும் அது அப்படியே நடந்தது என்பதும் வேறு வேறு.

இதைப் படித்துவிட்டு யாரையும் பொய்யராக நினைத்துவிட வேண்டாம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம், நீங்களே கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வலது பக்கம், பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. வலது பக்கம் எவ்வளவு நிறைகிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். தேதியைச் சான்றிதழ், கடிதம், போட்டோவின் பின்பக்கம் என்று கிடைப்பதோடு ஒப்பிடுங்கள். அண்ணனோ தங்கையோ அதே நாளை வேறு மாதிரிச் சொன்னால், யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் எழுதுங்கள். பத்து வயதுப் பையனும் நாலு வயதுக் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தாலும் பார்த்தது வேறு வேறு நாள்.

அடுத்தது விளைவுகள். "அன்றிலிருந்து நான் மாறிவிட்டேன்" என்ற வரி எதையும் சொல்லாது. அதற்குப் பிறகு எது நின்றுபோனது, எது புதிதாக ஆரம்பித்தது, யார் நெருங்கி வந்தார்கள், யார் விலகினார்கள் என்று பிரித்துக் கேளுங்கள். யார் விலகினார்கள் என்ற கேள்வியில்தான் நிறைய பேர் குரல் தழுதழுக்கும்.

சந்தோஷமான சம்பவங்களிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967இல் 43 வாழ்க்கைச் சம்பவங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஒரு மனிதரை எவ்வளவு புரட்டிப்போடும் என்று மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனோ மனைவியோ இறப்பதற்கு 100. கல்யாணத்துக்கு 50, வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47. அதாவது கல்யாணம் வேலை இழப்பைவிட ஒரு படி மேலே. நல்லது நடந்தாலும் வாழ்க்கை இடம் மாறத்தான் செய்கிறது. பதவி உயர்வு வந்த வருஷத்தில்தான் நண்பர்கள் குறைந்தார்கள் என்று ஒருவர் சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள்.

வலியான சம்பவங்களுக்கு வேறு வேகம். ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்தவுடன் மனசு கனமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் உடம்புக்கு முடியவில்லை என்று டாக்டரிடம் போனது குறைவு. ஆகவே அழுகை வந்தால் பயப்பட வேண்டாம், கால் மணி நேரம் ஆனதும் பேனாவை மூடிவிடுங்கள். சம்பவம் நடந்து சில வாரங்கள்தான் ஆகின்றன என்றால் இப்போது எழுதவே வேண்டாம். எழுத ஆரம்பித்த பிறகு தூக்கம் கெட்டாலோ, அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வந்தாலோ, நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் கேட்டு எழுதுகிறவராக இருந்தால், அவர் மௌனமாகும்போது அடுத்த கேள்வியை நீட்டாதீர்கள். "இன்னைக்கு இது போதும்" என்று சொல்லும் உரிமை அவருடையது.

முடித்ததும் பக்கத்தின் அடியில் எழுதிய தேதியையும், யார் சொல்லி யார் எழுதியது என்பதையும் குறியுங்கள். எழுதியதை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்கிற வரியை அவர் கண்முன்னாலேயே அடியுங்கள். கதையில் வருகிற உயிரோடு இருக்கும் மற்றவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்ட பிறகே வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுங்கள். சில வருஷம் கழித்து அதே சம்பவத்தைத் திரும்ப எழுதும்போது பழைய பக்கத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டு, பிறகு இரண்டையும் ஒரே கோப்பில் வையுங்கள்.