கோடியக்கரையில் புரட்டாசி, ஐப்பசி வலசை: புதியவர்களுக்கான பறவை நோக்கல் செய்முறை

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், தெற்கு நோக்கி நீண்டு வரும் சோழமண்டலக் கரை மேற்கே திரும்பும் முனையில் கோடியக்கரை இருக்கிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, அதற்கும் அப்பால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்று நிலமும் நீரும் கலந்து கிடக்கும் இந்த முனை 1967ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. முதன்முறையாக இங்கு வருபவர்களில் பலர் அரிய பறவை எங்கே நிற்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சாதாரணப் பறவைகளைத் தெளிவாக அறிந்தவருக்கே அரிய பறவை கண்ணில் படும் என்பதால், இந்தச் செய்முறையையும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வாரத்தில் செல்வது?

வலசைப் பறவைகள் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. ஆகஸ்ட் மாத இறுதியிலேயே கரைப்பறவைகளின் முதல் அணி வந்துவிடுகிறது. சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த வளைமூக்கு உள்ளான்களில் முதிர்ந்தவை முன்னதாகப் புறப்பட்டு வருகின்றன. அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள், பெற்றோரின் துணையின்றித் தாமாகவே வழி கண்டு, சில வாரங்கள் கழித்து வந்து சேர்கின்றன. ஆகையால் செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, அதாவது புரட்டாசியை ஒட்டிய நாட்களில், முதிர்ந்தவற்றையும் இளையவற்றையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

வடகிழக்குப் பருவமழை வலுத்து உப்பளங்களிலும் சதுப்பிலும் நீர்மட்டம் உயர்ந்தவுடன் குட்டைக்கால் பறவைகள் வேறு இடங்களுக்கு நகர்ந்துவிடும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவையும் பெருங்கூட்டமாகப் பூநாரைகளும் வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழியில் மீண்டும் வரலாம்.

இரண்டாம் படி: என்னென்ன எடுத்துச் செல்வது?

எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மி.மீ. முகப்பு வில்லையும் கொண்ட இருநோக்கி ஒன்று, சிறு குறிப்பேடு, பென்சில், தண்ணீர், தொப்பி ஆகியவை போதும். முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி வைத்திருக்கும் ஒருவருடன் செல்ல முடிந்தால் மிகவும் நல்லது. ஏனெனில் சதுப்பில் பறவைகள் தொலைவில் நிற்கும். கேமராவை முதல் சில நாட்களுக்குப் பையிலேயே வைத்திருக்குமாறு பரிந்துரைக்கிறேன். படம் எடுக்கும் அவசரத்தில் பறவையின் நடத்தையைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

மூன்றாம் படி: நிற்கும் இடமும் நேரமும்

சரணாலயத்திற்குள் நுழைய வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். அகத்தியம்பள்ளியிலிருந்து கோடியக்காடு செல்லும் வழியில் உள்ள உப்பளங்கள் பலருடைய வாழ்வாதாரம் என்பதால், அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு, பாத்திகளை மிதிக்காமல் வரப்பில் மட்டும் நடக்க வேண்டும். சதுப்புச் சேற்றில் தனியாக இறங்கவே கூடாது.

விடியற்காலையில் சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி நிற்கவும். வெயில் ஏறியபின் உப்பளத்தின் மேல் கானல் அலையத் தொடங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கருவி வழியாகப் பார்த்தாலும் உருவங்கள் நெளியும். அந்த வேளையில் அடையாளம் காண முயல்வது வீண். காட்டு நிழலுக்குச் சென்றுவிடலாம்.

நான்காம் படி: கொசு உள்ளானைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தச் செய்முறையின் உயிர்நாடி இந்தப் படிதான். ஒரு காலைப்பொழுது முழுவதையும் இதற்கே ஒதுக்கினாலும் தகும். சேற்றோரத்தில் ஓடியோடிக் கொத்தும், சிட்டுக்குருவி அளவே உள்ள சிறிய பறவைகளில் பெரும்பாலானவை கொசு உள்ளான்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பின்தொடரவும். கால்கள் கறுப்பாக இருக்கும்; அலகு குட்டையாகவும் கறுப்பாகவும் ஏறக்குறைய நேராகவும் இருக்கும். அது இளம்பறவையாக இருந்தால், முதுகில் இரண்டு வெண்கோடுகள் சேர்ந்து ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலத் தெரியும். இறகுகள் ஒவ்வொன்றும் புத்தம்புதிதாய், வெளிறிய விளிம்புடன் செதில் செதிலாக அடுக்கப்பட்டிருக்கும். முதிர்ந்த பறவையின் இறகுகளோ நைந்துபோய், இனப்பெருக்க காலத்துச் செம்பழுப்பு ஆங்காங்கே திட்டாக மிஞ்சியிருக்க, இடையிடையே குளிர்காலச் சாம்பல் இறகுகள் முளைத்துக்கொண்டிருக்கும். ஒரே இனத்திற்குள் இவ்வளவு வேறுபாடு உண்டு என்று கண் பழகிய பிறகுதான் அடுத்த இனத்திற்குச் செல்ல வேண்டும்.

அதே கூட்டத்தில் சற்றுப் பெரிதாக, நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகுடன், வயிறு நனையும் ஆழம் வரை இறங்கி இரை தேடுவது வளைமூக்கு உள்ளான். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். செந்நிறக் கால்களும், எழும்பும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளையும் தெரிந்தால் அது பவளக்காலி. உப்புக்கொத்திகளை நடையை வைத்தே பிரித்துவிடலாம். அவை சில அடிகள் ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடியும் ஓடும். உள்ளான்களோ பெரும்பாலும் தலை நிமிராமல் தொடர்ந்து கொத்திக்கொண்டே நகரும்.

ஐந்தாம் படி: எண்ணுதல்

கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் கொள்ளவும். பிறகு அதே அளவிலான கட்டங்களாகக் கூட்டம் முழுவதையும் பகுத்து எண்ணவும். பெரிய கூட்டமென்றால் நூறு நூறாகப் பகுக்கலாம். பட்டியலில் ‘நிறைய’ என்று எழுதுவதைக் காட்டிலும் தோராயமான ஓர் எண் பல மடங்கு பயனுடையது. 2024ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தனது சிவப்புப் பட்டியலில் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் அழிய வாய்ப்புள்ள இனங்களாக வகைப்படுத்தியது. பல நாடுகளில் ஆண்டுக்கணக்காக எண்ணியவர்கள் இருந்ததால்தான் அந்தச் சரிவு தெரியவந்தது. இன்று சாதாரணமாகத் தோன்றும் பறவையைக் கூட எண்ணி வைக்கும்படி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆறாம் படி: காட்டிற்குள் வரும் விருந்தினர்

கானல் எழுந்தபின் கோடியக்கரையின் வறண்ட பசுமைமாறாக் காட்டின் ஓரமாக, இராமர் பாதம் செல்லும் வழியில் மெதுவாக நடக்கவும். வாலை மேலும் கீழும் ஆட்டும் மற்ற வாலாட்டிகளைப் போலன்றி, கொடிக்கால் வாலாட்டி வாலைப் பக்கவாட்டில் அசைக்கும். பழுப்புக் கீச்சான் முள்மரக் கிளை நுனியில் அமர்ந்து கரகரத்த குரலில் கத்தும். வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவியை, விடியலிலும் அந்தியிலும் எழுப்பும் இருசுரச் சீழ்க்கையைக் கொண்டு தேடவும். பிறகு சருகுகளுக்கிடையே தரையில் பார்க்கவும். இந்த மாதங்களில் இப்பறவை ஊர்களில் வீட்டு முற்றத்தில் களைத்து விழுவதும் உண்டு. அப்படிக் கிடைத்தால், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாகவும் அமைதியாகவும் வைத்திருந்து, காயம் இல்லையென்றால் அந்தி மங்கும் வேளையில் மரங்கள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். அது இரவில் வலசை செல்லும் பறவை. காயம் இருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏழாம் படி: அரிதான ஒன்றைக் கண்டால்

கரண்டிமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்வோம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் மட்டுமே குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவை உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. கடந்த நூற்றாண்டில் கோடியக்கரையிலும் பதிவாகியிருக்கிறது. அளவிலும் நிறத்திலும் ஏறக்குறைய கொசு உள்ளானைப் போலவே இருக்கும். அதன் அலகு நுனியிலுள்ள கரண்டி, பக்கவாட்டில் நிற்கும்போது தெரியாது. பறவை நேராக உங்களை நோக்கித் திரும்பும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். தலையைத் தாழ்த்தி அலகை நீரில் பக்கவாட்டில் துழாவுகிறதா என்று பாருங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: சேறு ஒட்டிக்கொண்ட கொசு உள்ளானின் அலகும் சில நொடிகளுக்குக் கரண்டி போலவே தோன்றும். அது அலகைக் கழுவும் வரை முடிவு செய்யாதீர்கள்.

ஐயத்திற்குரிய பறவையைக் கண்டவுடன், புத்தகத்தைத் திறக்கும் முன்பே, பார்த்ததைப் பார்த்தபடி எழுதவும்: அருகில் நின்ற அறிந்த பறவையோடு ஒப்பிட்ட அளவு, அலகின் நீளமும் வடிவமும், காலின் நிறம், பறந்தபோது இறக்கையிலும் வாலிலும் தெரிந்தவை, குரல், இரை தேடிய விதம், ஒளி வந்த திசை. புத்தகத்தை முதலில் திறந்தால், படத்தில் இருப்பதையெல்லாம் பறவையிலும் பார்த்துவிட்டதாக மனம் நம்பத் தொடங்கிவிடும். நெருங்கிச் சென்று கூட்டத்தைக் கலைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து கொழுப்பைச் சேமித்துக்கொண்டிருக்கும் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் இழப்பே.

எட்டாம் படி: பதிவு

அன்றைய பட்டியலை, பறவை நோக்கர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்டு (eBird) இணையத்தளத்தில், தொடங்கிய நேரம், நடந்த தூரம், எண்ணிக்கை ஆகியவற்றுடன் அன்றே பதிவேற்றவும். அரிய பறவை என்றால் தளம் கூடுதல் விவரம் கேட்கும். களத்தில் எழுதிய குறிப்பை அப்படியே இடலாம். சரிபார்ப்பவர் கேள்வி எழுப்பினால் அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். இனம் உறுதிப்படவில்லையென்றால் ‘உள்ளான் இனம்’ என்று மட்டும் குறிப்பது முழுமையான, நேர்மையான பதிவாகும்.

ஆய்வாளர்கள் அடையாளத்திற்காகப் பறவையின் காலில் மாட்டிய வளையமோ சிறு வண்ணக் கொடியோ தெரிந்தால் அதற்குத் தனிக் கவனம் கொடுக்கவும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வந்திருக்கிறது. பிற நாடுகளில் கொடி கட்டப்பட்டவையும் இவ்வழியே வரலாம். கொடியின் நிறம், இரண்டு கொடிகள் என்றால் மேலே எது கீழே எது, பறவையின் வலக்காலா இடக்காலா, முழங்கால் போலத் தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, எழுத்தும் எண்ணும் என்ன என்று குறித்து, தேதியுடனும் இடத்துடனும் கழகத்திற்கு அனுப்பவும். எழுத்துகளில் ஒன்று படிக்க முடியவில்லையென்றால் அந்த இடத்தைக் கேள்விக்குறியாக விட்டு அனுப்புங்கள்; ஊகித்து நிரப்பிய எழுத்து வேறொரு பறவையின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.