வி8 லொறின்னு நம்பி மலையில விடுற பிழைகள்

நம்ம மலைப்பக்கம் மரக்கறி லொறி, சீமெந்து லொறி ஓட்டுறவங்கள்ட்ட பேச்சு குடுத்தா எப்புடியும் ஒருத்தர் "நம்மளது வி8, எட்டு சிலிண்டர் அண்ணே, மலை என்ன செய்யும்"னு சொல்லுவாரு. ஏத்தத்துல சரிதான். எறக்கத்துல அந்த நெனப்புதான் ஆள கவுக்குது.

வாங்கும்போதே ஒரு பிழை இருக்கு, சிலிண்டர எண்ணி லொறி எடுக்கிறது. பழைய ஃபுசோ லொறியோட 8டிசி9 வி8 இஞ்சின், 16 லீட்டர், சத்தமே தனி, நானும் அதுக்கு மயங்குன ஆளுதான், ஆனா காத்த அழுத்தி உள்ள ஏத்துற டர்போ இல்லாத இஞ்சினா இருந்தா நுவரெலியா வந்து சேரும்போது மூச்சு வாங்கும், ஏன்னா 1868 மீட்டர் ஒசரத்துல காத்தழுத்தம் கொழும்புல இருக்கதுல அஞ்சுல நாலு பங்குதான். டர்போ அந்தக் கொறைய பெரும்பாலும் சரிக்கட்டிரும். வொல்வோ டி13 இஞ்சினுக்கு வரிசையா ஆறே சிலிண்டர், 12.8 லீட்டர், ஆனா 500 ஹோர்ஸ் பவருக்கு மேல குடுக்குற வகையும் இருக்கு. வி8ஐ இன்னும் விடாம பிடிச்சிருக்கிறது ஸ்கேனியா, 1969ல 350 ஹோர்ஸ் பவர்ல தொடங்கி 2020ல 770க்கு வந்துட்டாங்க, ரெண்டுமே டர்போ வச்சதுதான்.

இனி எறக்கத்துக்கு வாங்க. "ஏறுன கியர்லயே எறங்கு"ன்னு பழைய டிரைவர்மாரு சொல்லிக் குடுத்தது அந்தக் காலத்து சின்ன இஞ்சினுக்கு சரி, ரம்பொடை ஏத்தத்துல ரெண்டாங் கியர்ல உருண்டுச்சு, அதே கியர்ல எறங்குச்சு. இப்ப பெரிய இஞ்சின் நாலுல அசால்ட்டா ஏறிருது, அதே நாலுல லோடோட எறங்குனா லொறி உங்கள இழுத்துட்டுப் போயிரும். ஒன்னு ரெண்டு கியர் கொறச்சு வைங்க, அதையும் எறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே, பாதி வழியில கியர் மாத்தப் போயி விழாம நியூட்ரல்ல நின்னுட்டா அப்புறம் சாமிதான்.

கால எடுத்தா டீசல் இஞ்சின் தானாவே வண்டிய பிடிக்கும்னு நெனக்காதீங்க. பிஸ்டன் அமுக்குன காத்து திரும்பி அதே பிஸ்டன தள்ளிவிட்டுரும், அதுனாலதான் பொகை போற வழிய அடைச்சு இஞ்சின பிடிக்கிற எக்ஸோஸ்ட் பிரேக்குன்னு ஒன்னு வச்சிருக்கான், அதுவும் இஞ்சின் நல்லா சுத்துனாத்தான் பிடிக்கும். அதுக்காக ஆர்பிஎம் மீட்டர்ல இருக்க சிவப்புக் கோட்டுக்கு மேல விடக்கூடாது, இஞ்சின் வேகத்த கட்டுப்படுத்துற கவர்னர் டீசலத்தான் நிப்பாட்டும், சில்லு இஞ்சின சுத்துறத அதால நிப்பாட்ட முடியாது.

நியூட்ரல் போட்டா டீசல் மிச்சம்ங்கிறது சுத்தப் பேத்தல். கியர்ல ஓடும்போது அக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா டீசல் போறதே நின்னுரும், நியூட்ரல்லதான் ஐட்லுக்கு குடிக்கும். காத்து பிரேக்குக்கு காத்தடிக்கிற கம்ப்ரசரும் மெதுவா ஓடி பிரேக்குக்குக் காத்து ஏறாது.

பிரேக்க லேசா அமுக்கிக்கிட்டே வர்றவங்களும் இருக்காங்க. சில்லோட சுத்துற பிரேக் டிரம் சூடேறி விரிஞ்சு, அத உரசிப் பிடிக்கிற லைனர விட்டு விலகிரும், கால் எம்புட்டு அமுக்குனாலும் பலனில்ல. மணிக்கு 30 கிலோமீட்டர்ல எறங்கணும்னா 30 வந்ததும் நல்லா அமுக்கி 20க்கு கொண்டு வந்து கால எடுத்துருங்க.

மேல ஏறி வந்ததும் டீக்கடையப் பாத்து டக்குன்னு இஞ்சின ஓஃப் பண்ணாதீங்க, டர்போ சூட்டுல உள்ள நிக்கிற ஒயில் கரிஞ்சுரும், ஒரு மூனு நிமிசம் ஐட்ல விடுங்க. ரேடியேட்டர் மூடி தேஞ்சிருந்தா மாத்துங்க, நுவரெலியாவுல தண்ணி 94 டிகிரியிலயே கொதிக்கும், அந்த மூடிதான் பிரஷர்ல அத அடக்கி வச்சிருக்கு. சூட்டோட அதத் தெறக்கப் போன ஒரு கிளீனர் பையனோட கை இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது.